இடைவெளிகளின் மலை: களக்காடு–முண்டந்துறை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வானிலைச் செய்தியில் தவறாமல் வந்து விழும் நான்கு பெயர்கள் உண்டு: ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை. மாநிலத்திலேயே அதிக மழை அங்கேதான் என்று வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. அம்பாசமுத்திரத்திலிருந்து மேற்கே போய், மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்தால் நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நான்குமே தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள். அவற்றை எல்லாத் திசையிலும் சூழ்ந்து நிற்கும் காடு, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு–முண்டந்துறை.

காப்பகத்தின் கணக்கு எளிது. 1962இல் முண்டந்துறை சரணாலயம், 567 சதுர கிலோமீட்டர். 1976இல் களக்காடு சரணாலயம், 251 சதுர கிலோமீட்டர். 1988இல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பின்னர் கன்னியாகுமரி மாவட்டத்து வீரப்புலி, கீழமலைக் காடுகளில் 77 சதுர கிலோமீட்டர் சேர்ந்தது. ஆக 895. முண்டந்துறை புலிக்காக அறிவிக்கப்பட்டது. களக்காடு ஒரு குரங்குக்காக அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் புலி இடம்பிடித்துக்கொண்டது; ஆனால் இந்த மலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் குரங்கின் பின்னால்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

புலிகள் இங்கே எப்போதுமே குறைவு. அதை வனத்துறையின் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. முண்டந்துறைப் பீடபூமியில் ஒரு காலத்தில் நடந்த மேய்ச்சலையும் வேட்டையையும் வைத்துப் பார்த்தால் அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் மழைக்காடு தன் விளைச்சலை மேலே வைத்துக்கொள்கிறது. இலை, பூ, காய், பழம் எல்லாம் முப்பது மீட்டர் உயரத்தில். தரைக்கு வெயிலே வராது. வெயில் வராத இடத்தில் புல் ஏது? புல் இல்லாத காட்டில் மானும் காட்டெருமையும் கூட்டம் கூட்டமாய்ப் பெருக முடியாது. இரை தரையில் குறைவு என்றால் புலியும் குறைவுதான். இந்தக் காட்டின் செல்வத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

கீழே இருந்து தொடங்கலாம். பாபநாசம், களக்காடு அடிவாரத்தில் முள்மரங்களும் பாறையும். சற்று மேலே முண்டந்துறைப் பீடபூமியில் கோடையில் இலையுதிர்க்கும் காடு. ஆற்றோரம் மட்டும் நீர்மருதும் நாவலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும். அறுநூறு, எழுநூறு மீட்டரைத் தாண்டினால் காற்றின் ஈரம் மாறுகிறது. ஆயிரத்தைத் தாண்டினால் பசுமைமாறாக் காடு. முகடுகளில் புல்வெளியும் குட்டையான சோலைகளும். உச்சியில் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியமலை, பொதிகை. உச்சி கேரள எல்லையில் இருக்கிறது. வெயிலில் வறுபடும் அடிவாரத்துக்கும் மேகம் தவழும் முகட்டுக்கும் இடையே பறவை பறக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். முள்காட்டிலிருந்து மழைக்காடு வரை இத்தனை வகைக் காடுகள் இவ்வளவு குறுகிய சரிவில் அடுக்கி வைத்ததுபோல் நிற்பதுதான் இங்குள்ள உயிர்வளத்தின் முதல் காரணம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் 2,254 உயர்தாவர இனங்கள் இருப்பதாகவும் அவற்றுள் ஏறத்தாழ 400 இந்த வட்டாரத்துக்கே உரியவை என்றும் யுனெஸ்கோவின் குறிப்பு சொல்கிறது. 2001இல் இந்தியா அறிவித்த அந்த உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு காரணம் மழையின் நாட்காட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு என்றாலே மழைமறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தால் சரிதான். ஆனால் தெற்குக் கோடியில் தென்மேற்குப் பருவமழை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் சிந்துகிறது. அது ஓய்ந்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து நேராக வந்து இதே சரிவில் மோதுகிறது. காக்காச்சிப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். உலர்ந்த மாதங்கள் தை முதல் வைகாசிக்குள் அடங்கிவிடுகின்றன, அவற்றிலும் கோடைமழை குறுக்கிடும். தாமிரபரணி வற்றாத ஆறாக இருப்பதற்கும், கார், பிசானம் என்று இருபோகம் நெல் விளைவதற்கும், வெயில் சரிவில் மழைக்காடு நிற்பதற்கும் ஒரே விளக்கம்தான்.

இனி குரங்குக்கு வருவோம்.

சோலைமந்தி அல்லது சிங்கவால் குரங்கு. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. காட்டில் மிஞ்சியிருப்பவை 4,000க்கும் குறைவு என்பது பொதுவான மதிப்பீடு. கோயில் வாசலில் தேங்காய் பறிக்கும் நாட்டுக் குரங்கோடு இதற்கு உறவு உண்டு, குணம் இல்லை. மரத்தின் மேலேயே உண்டு, உறங்கி, குட்டி போட்டு வாழ்வது. பெண் மந்தி முதல் குட்டியை ஈனுவதற்கே ஆறு வயதைத் தாண்ட வேண்டும். அடுத்த குட்டிக்கு இரண்டரை ஆண்டு போல ஆகும். எண்ணிக்கை ஒருமுறை சரிந்தால் மீள்வது எவ்வளவு மெதுவாக இருக்கும் என்பதை இந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். 1970களில் அயலக ஆய்வாளர்கள் ஆசம்பு மலை என்று அழைக்கப்படும் இந்தத் தென்கோடியில் சோலைமந்திகளைத் தேடி அலைந்து, தொடர்ச்சியான பெருங்காடு இங்கே இன்னும் இருக்கிறது என்று எழுதினார்கள். களக்காடு சரணாலயம் அந்தக் காலத்தில் பிறந்தது.

சோலைமந்திக்கு ஏன் தொடர்ச்சியான காடு வேண்டும்? மழைக்காட்டில் எல்லா மரமும் ஒரே சமயத்தில் காய்க்காது. இன்று இந்த மரம், அடுத்த வாரம் அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. கூட்டம் ஓயாமல் நகர வேண்டும், அதுவும் கிளை வழியாக. ஒரு சாலை அகலம் கிளைகள் விலகி நின்றால் அதற்கு அது ஆறு. வால்பாறைப் பகுதியில் காடு துண்டு துண்டாகிப் போனதால் மந்திகள் தரைக்கு இறங்கி, வாகனங்களில் அடிபட்டுச் சாகின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் தீயணைப்புக் குழாய்த் துணியைப் பின்னி மரத்துக்கு மரம் பாலம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் களக்காட்டில் அப்படிப்பட்ட பாலங்களுக்குத் தேவை இன்னும் எழவில்லை. இந்தக் காப்பகத்தின் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

ஓயாமல் நகர்ந்தும் பசியாறாத மாதங்கள் உண்டு. அப்போது கைகொடுக்கும் மரம் வெடிப்பலா. தாவரவியலார் இதைக் குலேனியா எக்ஸரில்லாட்டா என்பார்கள். தென்கிழக்காசியாவின் டுரியான் பழத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதே முள் உருண்டை. டுரியானில் விதையைச் சூழ்ந்த சதையைத்தான் மக்கள் தின்கிறார்கள். வெடிப்பலாவில் அந்தச் சதை இல்லை. எக்ஸரில்லாட்டா என்ற பெயரே அந்த இல்லாமையைத்தான் குறிக்கிறது. மனிதன் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. காக்காச்சிக் காட்டில் இந்த மரம்தான் நாட்டாமை. பாலாக்குவியம், அக்லேயா இன மரங்கள் துணைக்கு நிற்கின்றன.

ஆண்டின் முதல் மாதங்களில், பிற மரங்களில் பழம் அருகிப்போன நேரத்தில், வெடிப்பலாவின் கிளைகள் பூக்களால் மூடிக்கொள்கின்றன. பழுப்பும் மஞ்சளும் கலந்த, இதழே இல்லாத பூ. இதழ் இல்லாவிட்டாலும் தடித்த, சதைப்பற்றுள்ள புல்லி இருக்கிறது. தின்பதற்கு அது போதும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய் வருகிறது. பறக்கும் அணில் வருகிறது. விடிந்ததும் மலையணில், கருமந்தி, சோலைமந்தி என்று பகல் முறைக்காரர்கள். ஏட்ரீ எனப்படும் அசோகா சூழலியல் ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த கணேஷும் சௌபத்ரா தேவியும் இந்த மலையில் ஆண்டுக்கணக்கில் தங்கி, மரத்தின் உச்சியில் காத்திருந்து இதையெல்லாம் பதிவு செய்தார்கள். மகரந்தம் கடத்துவதில் வௌவால்களின் பங்கே பெரிது என்பது அவர்கள் கண்டது. பகலில் வரும் மந்திகளுக்குப் பூ பெரும்பாலும் தீனிதான். சில மாதம் கழித்துக் காய் பிடித்ததும் முள் ஓட்டைப் பிய்த்து, முற்றாத விதையைத் தோண்டித் தின்பதும் இவைதான். மரத்தின் பார்வையில் சோலைமந்தி ஒரு கொள்ளைக்காரன். மந்தியின் பார்வையில் மரம் பஞ்சகாலத்துக் களஞ்சியம். எந்தக் கணக்கில் எழுதினாலும், வெடிப்பலா இல்லாத காட்டில் சோலைமந்திக் கூட்டம் நீடிப்பது கடினம்.

உச்சியிலேயே கண்ணை வைத்திருந்தால் காலடியில் இருப்பது தப்பிவிடும். ஓடைக்கரைகளில் ஈத்தை என்னும் மெல்லிய நாணல்மூங்கில் புதர் புதராய் வளர்கிறது. அதன் கணுவிடைக் குழலில் சிலவற்றில் அடிப்பகுதியில் ஒரு சிறு கீறல் இருக்கும். பூச்சி அரித்ததோ எலி கொறித்ததோ என்று நாம் கடந்துபோவோம். வெண்புள்ளிப் புதர்த்தவளை அந்தக் கீறல் வழியே உடலை நசுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. உள்ளே முட்டை. முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை, நேராகக் குட்டித் தவளையே வருகிறது. அதுவரை ஆண் தவளை காவல் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இனம் இது. அது ஈத்தைக் குழலுக்குள் குடும்பம் நடத்துகிறது என்பதை சேஷாத்ரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தக் காப்பகத்தில்தான் கண்டறிந்து, பத்தாண்டு முன்பு உலகுக்குச் சொன்னார்கள். கூடை முடையவும் காகிதக்கூழுக்கும் வேறிடங்களில் ஈத்தையை வெட்டிக் கட்டுக்கட்டாய் ஏற்றுகிறார்கள். வெட்டுகிறவனுக்கு அது புல். தவளைக்கு அது கதவுள்ள வீடு.

இப்படியே போனால் பட்டியல் முடியாது. பாறை முகட்டில் யானை எட்ட முடியாத விளிம்புகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் மலைக்கமுகு ஒன்று இருக்கிறது. யானைக்கு அதன் குருத்து அவ்வளவு பிடிக்கும், எட்டிய இடத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை என்று மலையில் சொல்வார்கள். அகத்தியமலை முகட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு செருப்பு வடிவ ஆர்க்கிட்டும் உண்டு, மஞ்சள் பூ. ஆங்கிலேயர் காலத்தில் கண்டெடுத்து, சேகரிப்பாளர்கள் கூடை கூடையாய் அள்ளி, அழிந்துவிட்டது என்று எழுதப்பட்டு, 1970களில் மறுபடி கண்ணில் பட்டது. எந்தப் பாறையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை. திறக்காமல் இருப்பதே நல்லது.

மலைக்கு வெளியே நின்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த மலைத்தொடரின் வடக்கு வாசல் செங்கோட்டைக் கணவாய், மலையாளப் பக்கத்தில் ஆரியங்காவு. முகடுகள் எல்லாம் ஆயிரத்துக்கு மேல் இருக்க, இந்த இடத்தில் மட்டும் மலை சில நூறு மீட்டருக்கு இறங்கி வழிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் இதற்கு இல்லை. ஆனால் குளிர்ந்த சோலையில் மட்டும் வாழும் ஒரு சிறு பறவைக்கு அதுவே கடல். பல லட்சம் ஆண்டுகள் இந்தக் கரையில் இருந்தது இந்தக் கரையிலேயே இனம் பெருக்கியது, அந்தக் கரையில் இருந்தது அங்கேயே. நிறத்தில் சிறு வேறுபாடு, பாட்டில் வேறுபாடு, மரபணுவில் பெரிய வேறுபாடு. 2017இல் ராபினும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்து, ஆசம்பு மலைப் பறவை தனி இனம் என்று அறிவித்தார்கள். அவர்கள் வைத்த பேரினப் பெயர் ‘ஷோலிகோலா’. நம் சோலைதான் இலத்தீன் வாலோடு அதில் உட்கார்ந்திருக்கிறது. ஷோலிகோலா ஆசம்புயென்சிஸ் என்ற பெயரை நான் முதன்முதலில் வாசித்தபோது, பறவையைவிட அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் முதலில் மகிழ்ந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, கணவாய் ஒரு புதிய உயிரைத் தந்திருக்கிறது. யானைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தாழ்ந்த கணவாய் யானைக்குத் தடையே அல்ல, அதுதான் பாதை. பெரியாறு காடுகளுக்கும் அகத்தியமலைக்கும் இடையே அது அந்த வழியாகப் போய்வந்திருக்கும். 1904இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை வந்தது. பக்கத்திலேயே நெடுஞ்சாலை. இருபுறமும் ரப்பர், தேக்குத் தோட்டங்கள், குடியிருப்பு, மின்வேலி. புளியரை வளைவுகளில் இரவு முழுக்க லாரி ஓடுகிறது. தெற்கே உள்ள யானைகள் வடக்கே உள்ளவற்றோடு கலப்பது அரிதாகிவிட்டது. பறவை பிரிய லட்சக்கணக்கில் ஆண்டுகள் இருந்தன; யானைக்கு நூறு ஆண்டில் கதவைச் சாத்திவிட்டோம். சிறிய கூட்டம், வெளிக்கலப்பு இல்லை என்றால் புது இனம் உருவாகும் முன் அந்தக் கூட்டமே நோயிலோ வறட்சியிலோ நலிந்து போகும்.

2023இல் ஒரு யானை இந்த இடைவெளியைத் தாண்டியது. லாரியில். அரிசிக்கொம்பன் என்று பெயர் வாங்கிய அந்த ஆண் யானையை இடுக்கியின் சின்னக்கானலில் ஏப்ரல் இறுதியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பத்துக்குள் இறங்கி ஊரைக் கலக்கியது. ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாடு வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ பட்டையோடு ஏற்றிக்கொண்டுவந்து, இந்தக் காப்பகத்துக்குள் இருக்கும் மேல் கோதையாறு முத்துக்குழியில் இறக்கியது. சில மாதங்களில் மாஞ்சோலைத் தோட்டப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. தொலைக்காட்சிகள் அதன் ஒவ்வொரு அடியையும் ஒளிபரப்பின. யானை தானாக நடந்து வர வேண்டிய வழி ஏன் இல்லாமல் போனது என்பது பற்றி அந்த வாரங்களில் நான் கேட்ட விவாதங்களில் பேச்சே எழவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஆகஸ்டில், 1,197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு நல்லது. கணவாயைத் திறக்காமல் அது பாதி வேலை.

இந்த ஆய்வில் எனக்கு மிகக் கனமாகத் தோன்றுவது, காப்பகத்தின் நடுவிலேயே இருக்கும் இன்னோர் இடைவெளி.

1929இல் சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,374 ஏக்கரை பாம்பே பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மழைக்காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். ஜமீன் ஒழிப்பு வந்தது, நிலம் அரசுடையதானது, குத்தகை மட்டும் தொடர்ந்தது. 2028இல் முடிய வேண்டும். 8,374 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர், காப்பகப் பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்குகூட வராது. சதவீதத்தைச் சொல்லி ஆறுதல் அடைகிறவர்கள் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அந்த நான்கு பங்கு மழைக்காட்டின் இடுப்பில் இருக்கிறது. கத்தரித்த தேயிலைப் புதர் இடுப்பளவு உயரம். சோலைமந்திக்கு அதன் மேல் பாதை கிடையாது.

ஆனால் அந்தத் தேயிலைக்குள் மனிதர்கள் இருந்தார்கள். சமவெளியிலிருந்தும் கேரளப் பக்கத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டு நான்கு தலைமுறையாக அட்டைக்கடியிலும் மழையிலும் கொழுந்து பறித்தவர்கள். கூலி உயர்வு கேட்டு, சிறைப்பட்ட தோழர்களை விடச்சொல்லி, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் கூட்டம் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் மாண்டார்கள். உயிர்வளம் பற்றிய கட்டுரையில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இந்த மலையில் பிறந்து ஓடும் ஆறு அது. காட்டின் வரலாற்றை எழுதும்போது அந்த நாளை மட்டும் தாண்டிப்போக எனக்குக் கை வரவில்லை.

2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்துத் தோட்டத்தைக் கைவிடத் தொடங்கியது. அரசே எடுத்து நடத்த வேண்டும், எங்களை அங்கேயே வாழவிட வேண்டும் என்று கேட்டு வழக்குகள் போடப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கைகளை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 மார்ச்சில் அகத்தியமலை நிலப்பரப்பு முழுவதையும் ஆராய்ந்து அறிக்கை தரும்படி, வன வழக்குகளில் தனக்கு உதவும் மத்திய அதிகாரக் குழுவை அந்த நீதிமன்றம் பணித்தது.

காடு மீள வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில் மனம் ஒப்பவில்லை. வெட்டியவர்கள் லாபத்தோடு போய்விட்டார்கள். கொழுந்து பறித்தவர்கள் சமவெளியில் வாடகை வீடு தேடுகிறார்கள்.

மக்களைச் சேர்த்துக்கொண்டு காட்டைக் காப்பது இங்கே தெரியாத வித்தையும் அன்று. 1990களின் நடுவில் உலக வங்கி உதவியோடு அடிவார ஊர்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. தலைச்சுமை விறகுக்காக அதிகாலையில் காட்டுக்குள் போகும் பெண்கள்தான் அப்போது வனத்துறைக்குக் ‘குற்றவாளிகள்’. ஒரு சுமை விற்றால் அன்றைய சோறு. அவர்களைப் பிடித்து அபராதம் போடுவதை விட்டுவிட்டு ஊருக்கு ஊர் வனக்குழு அமைத்தார்கள். தொழிலுக்குக் கடன், சாண எரிவாயு, விறகைக் குறைக்கும் அடுப்பு. திட்டம் முடிந்ததும் பல குழுக்கள் தூங்கிவிட்டன என்பது உண்மை. ஆனால் அடிவாரக் காடு இன்று தழைத்து நிற்பதில் அந்த ஆண்டுகளுக்குப் பங்கு உண்டு. பின்னால் ஊர்ப்பக்கம் வந்த சமையல் எரிவாயு சிலிண்டருக்கும் பங்கு உண்டு என்பதை வனத்துறை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

காட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் காணிக்காரர்கள். இஞ்சிக்குழி, மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு போன்ற இடங்களில் சில நூறு பேர். இதே மலையின் கேரளப் பக்கத்தில் இருக்கும் காணிகள் 1987இல் ஆய்வாளர்களுக்கு ஒரு செடியைக் காட்டிக்கொடுத்தார்கள். மலையேறும்போது அவர்கள் அதன் காயை மென்றுகொண்டு களைக்காமல் நடந்ததைப் பார்த்துத்தான் கேட்டார்களாம். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்து, வருமானத்தில் பழங்குடிக்குப் பங்கு என்ற ஏற்பாடு உலகெங்கும் பேசப்பட்டது. நடைமுறையில் அந்த ஏற்பாடு தள்ளாடியது வேறு கதை.

சொரிமுத்தையனார் கோயிலையும் விட்டுவிட முடியாது. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றங்கரையில் லட்சக்கணக்கில் கூடுவார்கள், குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். சில ஆண்டுகளாகத் தங்கும் நாட்களைக் குறைத்தும், தனியார் வாகனங்களைக் கீழேயே நிறுத்தியும், பிளாஸ்டிக்கைத் தடுத்தும் வருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் சச்சரவு. கோயில் காட்டைவிட மூத்தது என்று பக்தர்கள் வாதிடுவார்கள். அந்த அளவுக்கு மூத்ததல்ல, ஆனால் வனச்சட்டத்தைவிட நிச்சயம் மூத்தது. ஆற்றங்கரை மரங்களில் மலையணில் இன்னும் பயமில்லாமல் ஓடுவதைப் பார்க்கும்போது ஐயனாரும் ஒரு காவலர்தான் என்று எனக்குத் தோன்றும்.

மீண்டும் தேயிலைக்கே வருகிறேன், ஏனென்றால் அடுத்த சில ஆண்டுகளில் இந்த மலையில் நடக்கப்போகும் பெரிய மாற்றம் அங்கேதான். குத்தகை முடிந்த மறுநாள் காடு தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வராது. கத்தரிப்பதை நிறுத்தினால் தேயிலைச் செடி மரமாக உயர்ந்துவிடும். நெருக்கமான, இருண்ட தேயிலைத் தோப்பு. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் அப்படியே நிற்கும். உண்ணிச்செடி வெயில் கிடைத்த இடமெல்லாம் ஏறும். சிறு விதையுள்ள மரங்களை மரநாயும் வௌவாலும் பறவைகளும் கொண்டுவந்து போடும், அவை முளைக்கும். வெடிப்பலாவின் கதை வேறு. அதன் விதை பெரியது, தாய்மரத்தடியில் விழுவது, ஈரம் காய்ந்தால் செத்துவிடுவது; நெல்லைப்போல எடுத்துவைத்து அடுத்த ஆண்டு விதைக்க முடியாது. வௌவால் ஓர் இரவில் தேயிலையைக் கடந்து அதன் மகரந்தத்தை அந்தப்புறம் சேர்த்துவிடும். விதையைச் சேர்க்க ஆள் இல்லை.

ஆகவே விழுந்த சில நாட்களுக்குள் பொறுக்கி, நாற்றங்காலில் பையில் ஊன்றி, இரண்டு மழை வளர்த்து, தேயிலையைக் கொஞ்சம் கொஞ்சமாய் விலக்கிய இடத்தில் நட வேண்டும். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை துண்டுக் காடுகளில் இருபது ஆண்டுக்கு மேலாகச் செய்துவருவது கிட்டத்தட்ட இதைத்தான்; பட்ட பாடும் செலவும் அவர்களுக்குத் தெரியும். நாற்றுப்பை நிரப்பவும், சரிவில் குழி எடுக்கவும், எந்த மேட்டில் எந்த மாதம் காற்று அடிக்கும் என்று சொல்லவும், அட்டைக்கடியோடு நாள் முழுக்க மழையில் வேலை செய்யவும் பழகிய கைகள் மாஞ்சோலையில் இருந்தன. அவற்றுக்கு உரியவர்கள் 2024இல் தொடங்கி மூட்டை கட்டி மணிமுத்தாறுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நாற்றங்கால் இன்னும் போடப்படவில்லை என்றால், முதலில் அவர்களில் நூறு பேரைத் திரும்ப மலைக்கு அழைத்துவர ஒரு பஸ் அனுப்பலாம்.